வேப்பிலைக்குப் போய் வாங்கிய வழக்கு

கடையில் உப்புக் கேட்டு, கடைக்காரர் சீனியைக் கட்டிக் கொடுத்தாலும் வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறவள் நான். அப்படிப்பட்ட என் மேல், எங்கள் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையை மிரட்டி அவமானப்படுத்தி எரிச்சல் மூட்டும் நோக்கத்தோடு அவர் பங்களாவுக்குள் அத்துமீறி நுழைந்தேன் என்று ஈப்போ கோர்ட்டில் வழக்குப் போட்டார்கள். யாரிடம் சொன்னாலும் நம்புவதில்லை. அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

வெள்ளைக்காரர் ஆண்ட ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் நடந்தது இது. ஈப்போவிலிருந்து தஞ்சோங் ரம்புத்தான் போகிற வழியில் அப்போது எங்கள் ரப்பர் தோட்டம் இருந்தது. இப்போது அங்கே வரிசையாகத் தாமான் என்கிற குடியிருப்பு வீடுகள். துரை பங்களா இருந்த மேட்டில் யாரோ கார் கழுவுகிறார்கள்.

எனக்குக் கல்யாணமாகிக் கையில் ஒரு பிள்ளை. பால் குடிக்கிற பிள்ளை. அதற்குத் தலை முழுக்க வெக்கைக் கொப்புளம் வந்து, ராப்பகலாக ஒரே கத்தல். வேப்பிலை போட்டுக் காய்ச்சிய தண்ணீரில் குளிப்பாட்டினால் அடங்கும். ஆனால் தோட்டத்திலேயே வேப்பமரம் ஒன்றுதான் இருந்தது, அதுவும் துரை பங்களா வேலிக்குள். அங்கே பூச்செடி பார்க்கிற அண்ணனிடம் கேட்டால் ஒரு கட்டு ஒடித்துக் கொடுத்திருப்பார். கேட்க வேண்டுமே! ஆம்பளை முன்னால் போய் நின்று வாய் திறப்பதைவிட, ஆள் இல்லாத நேரம் பார்த்து ஒரு கொத்து ஒடித்து வருவது எனக்குச் சுலபமாகப் பட்டது.

மாரியம்மன் திருவிழா அன்று அந்த நேரம் வாய்த்தது. ஆட்களை வேலை வாங்குகிற கங்காணிதான் எங்கள் கோயிலுக்கும் தலைவர். அவர் பின்னால், கூலி வீடுகள் இருந்த லயத்து ஜனம் முழுக்கக் கரகம் எடுக்க ஆற்றுக்குப் போயிருந்தது. நான் தலை முழுகி, ஈரக் கூந்தலை விரித்துவிட்டு, மஞ்சளில் நனைத்த சேலையைச் சுற்றிக்கொண்டு அப்படியே நழுவினேன்.

கொத்தை ஒடித்துத் திரும்பினால் வராந்தாவில் துரை. கூடவே விருந்துக்கு வந்த வெள்ளைக்காரர்களும் துரைசாணிகளும், கையில் கண்ணாடிக் குவளைகளோடு. அவர்களுக்கும் அன்று ஏதோ திருவிழா போல.

“போ! போ!” என்றார் துரை.

போகத்தான் எனக்கும் ஆசை. கால் வரவேண்டுமே. பயந்துவிட்டால் எனக்குப் பேச்சு நின்றுவிடும், உடம்பு நடுங்கும். துரை கத்தக் கத்த நடுக்கம் கூடியது. கையிலிருந்த வேப்பிலை சலசலவென்று ஆடியது. ஒரு கூலிக்காரியைத் தொட்டு இழுப்பது துரைக்குக் கௌரவக் குறைச்சல். என்னை விரட்டக் கங்காணியைக் கூட்டிவரும்படி சமையல்காரச் சீனரை ஓடவிட்டார்.

கரகமும் தப்பு மேளமுமாகத் திரும்பிக்கொண்டிருந்த கங்காணி, கூட்டத்தோடு அப்படியே பங்களாவுக்கு வந்துவிட்டார். தலைவிரி கோலம், மஞ்சள் சேலை, கையில் வேப்பிலை, உடம்பில் நடுக்கம். என்னை விரட்ட வந்த மனுஷன் நெடுஞ்சாண்கிடையாகப் புல்லில் விழுந்தார்.

“தாயே! வந்துட்டியா! கோயில்ல வராம தொர வாசல்ல வந்து நிக்கிறியே!”

மேளம் உச்சத்துக்குப் போனது. பெண்கள் குலவை போட்டார்கள்.

“என் மவளுக்கு எப்பத் தாயே கல்யாணம்? வாக்குக் குடு!”

நான் தலையை ஆட்டினேன். ‘இல்லண்ணே, நான் இலைக்கு வந்தேன்’ என்று சொல்வதற்காக ஆட்டியது அது.

“தையிலயா? கேட்டுக்கிட்டீங்களா, தையிலன்னு சொல்லிட்டா ஆத்தா!” என்று அவரே எழுந்து குதித்தார்.

துரையின் பிஸ்கட் தட்டில் சூடம் ஏற்றினார்கள். கூட்டம் மிதித்ததில் ரோஜாப் பாத்தி இருந்த இடம் தெரியவில்லை. விருந்துக்கு வந்த ஒரு துரைசாணி படியிறங்கி வந்து திருநீற்றுக்குக் கையை நீட்டினாள். அதை நானும் பார்த்தேன், துரையும் பார்த்தார். ரோஜாவைக்கூட அவர் மன்னித்திருப்பார்.

மிதித்தவர்கள் எல்லோர் மேலும் வழக்குப் போட்டால் மறுநாள் யார் ரப்பர் மரம் சீவிப் பால் எடுப்பது? அந்தக் கணக்கு துரைக்கு நன்றாகத் தெரியும். ஆகவே கூட்டத்தைக் கூட்டிவந்தவள் என்று என் ஒருத்தி மேல் புகார் கொடுத்தார். மாத்தா, அதாவது போலீஸ்காரர், லயத்துக்கு வந்து கோர்ட்டுக்கு வரவேண்டிய நாளைச் சொல்லிவிட்டுப் போனார். போகும்போது அவரும் என்னைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார்.

அதுவரை என்னை ‘ஏ மூதேவி’ என்று கூப்பிட்ட மாமியார், “நீங்க செத்த நேரம் உக்காருங்க” என்றார். பாத்திரத்தைத் தொட விடவில்லை. வாசலில் தேங்காயும் பழமும் வந்து இறங்கின. எனக்கு வேண்டியது மட்டும் வரவில்லை. நான் ஒடித்த கொத்தைக் கங்காணி அங்கேயே பிடுங்கி, பிரசாதம் என்று ஆளுக்கு ஓர் இலையாகக் கிள்ளிக் கொடுத்துவிட்டார். பிள்ளை கொப்புளத்தோடு கத்திக்கொண்டே கிடந்தது. தண்டனை கிடைத்தால் என்னைப் பத்து காஜா என்கிற ஊர்ச் சிறையில் போடுவார்கள் என்றார்கள். பிள்ளைக்கு யார் பால் கொடுப்பது என்பதை யாரும் சொல்லவில்லை.

லயத்து ஜனம் சேர்ந்து ஈப்போவில் ஒரு வக்கீலைப் பிடித்தது.

“எதுக்கும்மா உள்ள போன?” என்று கேட்டார் வக்கீல்.

நான் என் வீட்டுக்காரர் காதில் சொன்னேன். அவர் வக்கீலிடம் சொன்னார். “வேப்பில ஒடிக்கப் போனாளாங்க.”

“ஐயையோ, அத மட்டும் சொல்லிடாதீங்க! தொர மரத்து எல தொர சொத்து. திருடத்தான் நொழஞ்சேன்னு நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்.”

“அப்ப என்னாங்க சொல்றது?”

“ஒன்னும் சொல்ல வேணாம். கெட்ட நோக்கத்தோட போனாங்கன்னு அவங்கதான் காட்டணும். இவங்க பேசாம நின்னாப் போதும்.”

“அது இவளுக்கு நல்லா வருங்க” என்றார் என் வீட்டுக்காரர்.

துரை வேறொன்றும் சொல்லிக்கொண்டு திரிந்தாராம். குற்றவாளி இல்லை என்றால் அவள் பைத்தியமாகத்தான் இருக்க வேண்டும், தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரி பக்கத்தில்தானே இருக்கிறது என்று. ஆக, நான் திருடியாக இருக்கலாம், பைத்தியமாக இருக்கலாம், மாரியம்மனாகக்கூட இருக்கலாம். கொப்புளம் வந்த பிள்ளைக்குத் தாயாக இருப்பதற்கு மட்டும் சட்டத்தில் இடமில்லை.

வழக்கு நாளில் கூண்டில் ஏற்றினார்கள். நீதிபதியும் வெள்ளைக்காரர். அவரும் துரையும் ஒரே கிளப்பில் சீட்டாடுகிறவர்கள் என்று பின்னால் கேள்விப்பட்டேன். தன் கண்ணை நான் நேருக்கு நேர் பார்த்து மிரட்டியதாகத் துரை சத்தியம் செய்து சொன்னார். மொழிபெயர்க்கிற ஐயா அதைத் தமிழில் சொன்னபோது என் வீட்டுக்காரருக்கே சிரிப்பு வந்துவிட்டது. நான் அதுவரை என் வீட்டுக்காரர் முகத்தையே நேராகப் பார்த்ததில்லை.

அடுத்து துரை பக்கத்துச் சாட்சியாகக் கங்காணி வந்தார். எங்கள் வக்கீல் எழுந்தார்.

“தொர ஒன்ன எதுக்குக் கூப்புட்டாரு?”

“இந்தப் புள்ளைய வெரட்டுறதுக்குங்க.”

“வெரட்டினியா?”

கங்காணி துரையைப் பார்த்தார். பிறகு பின்னால் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த லயத்து ஜனத்தைப் பார்த்தார். துரை நினைத்தால் வேலையைப் பிடுங்கலாம். ஆனால் வந்தது அம்மன் இல்லை என்று இவர் வாயால் சொல்லிவிட்டால் கோயில் தலைவர் பதவி போச்சு, அந்த வாக்கை நம்பித் தையில் நிச்சயம் செய்திருந்த மகள் கல்யாணமும் போச்சு.

“வெரட்டலீங்க. சாமிய எப்படிங்க வெரட்டுறது?”

“அப்ப உள்ள வந்தது இந்தப் பொண்ணு இல்லியா?”

“இது எங்கங்க வரும்? குழாயடியில தன் மொறையக்கூட இதுக்குக் கேக்கத் தெரியாதுங்க. வந்தது ஆத்தா.”

துரையின் முகம் சிவந்தது. நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, மொழிபெயர்ப்பவர் மூலமாக என்னையே கேட்டார். “துரைக்கு எரிச்சல் மூட்டத்தான் போனாயா? வேறு எதற்காகப் போனாய்? நீயே வாயைத் திறந்து சொல்.”

வக்கீல் கண்ணாலேயே வேண்டாம் என்றார். வெளி வராந்தாவில், மாமியார் மடியில், என் பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது. இந்த ஒரு தடவை சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தது. ‘வேப்பிலை’ என்ற சொல் தொண்டைவரை வந்தது. அங்கேயே நின்றுகொண்டது. எல்லோரும் பார்க்கிறார்கள். கை நடுங்கியது, கால் நடுங்கியது, நான் பிடித்திருந்த கூண்டுக் கம்பி கடகடவென்று ஆடியது. கொண்டை அவிழ்ந்து விழுந்தது.

“ஆத்தா வந்துட்டா!” என்று வராந்தாவிலிருந்து கத்தியது என் மாமியார்தான்.

அவ்வளவுதான். ஒரு குலவை கிளம்பியது பாருங்கள்! கங்காணி சாட்சிக் கூண்டிலிருந்து குதித்துக் கோர்ட்டுத் தரையில் விழுந்தார். “எங்கள மன்னிச்சிரு தாயே!” யாரோ சூடம் ஏற்றினார்கள். கோர்ட்டுக்கு எதற்குச் சூடம் எடுத்து வந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. நீதிபதி சூடத்தைப் பார்த்தார், மேசை மேலிருந்த காகிதங்களைப் பார்த்தார், அவற்றை அவசரமாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஏதோ இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார். அவர் போன பிறகுதான் மொழிபெயர்க்கிற ஐயா சொன்னார், வழக்குத் தள்ளுபடி என்று.

நான் ஓடிப்போய்ப் பிள்ளையை வாங்கிப் பால் கொடுத்தேன்.

ஜனத்தைத் தண்டிக்க முடியாத துரை மரத்தைத் தண்டித்தார். அடுத்த வாரமே வேப்பமரத்தை அடியோடு வெட்டி எரிக்கச் சொன்னார். எரிக்க வேண்டிய பூச்செடி அண்ணன், எல்லாக் கிளைகளையும் வண்டியில் போட்டு எங்கள் வாசலில் கொண்டுவந்து தள்ளினார்.

“இது ஒங்க மரம் ஆத்தா” என்றார்.

ஒரு கொத்து ஒடித்தால் திருட்டு. மரமே வாசலுக்கு வந்தபோது எந்த மாத்தாவும் எட்டிப் பார்க்கவில்லை. தினமும் பெரிய பானையில் காய்ச்சிக் குளிப்பாட்டினேன்.

தை பிறந்தது. கங்காணி மகளுக்குப் பார்த்திருந்த பாகான் செராய் மாப்பிள்ளை வீட்டார், வேறு இடத்தில் பெண் எடுத்துவிட்டார்கள். கங்காணி ஒரு மாதம் என் பக்கமே திரும்பவில்லை. சேதி வந்த அன்று சாயங்காலமே மாமியார் கரிப்பானைகளையெல்லாம் கொண்டுவந்து என் முன்னால் போட்டார்.

“ஏ மூதேவி, எல்லாத்தையும் வெளக்கிப் போடு!”

பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, சாம்பலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கொப்புளம் இருந்த இடமெல்லாம் அதற்குக் கருகருவென்று முடி முளைத்திருந்தது.