அக்காவுக்கு ஒதுக்கிய வீட்டுக்குப் பேருந்தில் போன கதை

இந்த வலைப்பூவைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்குத் தெரியும், நான் அரசுப் பேருந்தில் மட்டுமே ஊர் சுற்றுகிறவன். சிறுமலைக்குப் போனால் எந்தப் பக்க சன்னலில் உட்கார வேண்டும், பழனிக் கூட்டத்தில் திரும்பி வர எங்கே நின்றால் இடம் கிடைக்கும் என்றெல்லாம் எழுதியிருக்கிறேன். ஜனவரி கடைசியில் திண்டுக்கல்லில் இருந்து ஜமீலா அக்கா என்னைக் கூப்பிட்டதும் அதனால்தான்.

"ஏலே, ஊருக்கெல்லாம் பஸ்ஸப் பத்தி எழுதுறியே, எனக்கு ஒரு வழி சொல்லு. வீடு ஒதுக்கிட்டாங்கடா. அங்கருந்து உங்க மச்சானக் காலைல ஆறு மணிக்கு ஆஸ்பத்திரியில கொண்டு போய் விடணும்."

அக்கா குடும்பம் இருந்தது ஓடைக்கரையில். தகரம் போட்ட ஓர் அறை. ஓடையை அகலப்படுத்த அந்த வரிசையையே எடுக்கப்போகிறார்கள். மாநகராட்சியில் இருந்து வந்து குடும்பங்களைக் கணக்கெடுத்தார்கள். ஊருக்கு வெளியே அரசு கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு தருவதாகச் சொன்னார்கள். சொன்னபடி தந்தும் விட்டார்கள். ஆனால் இடையில் காதர் மச்சானுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. பிரியாணிக் கடையில் தம் போடும் மாஸ்டராக இருந்தவர், இப்போது முடிந்த நாளில் பார்சல் கட்டுகிறார். வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அவருக்குக் கிடைத்தது காலை ஆறு மணி முறை. மற்ற நேரமெல்லாம் நிரம்பியிருந்தது.

ஒரு சனிக்கிழமை, திருச்சியில் ஐந்தரை மணி வண்டி ஏறினேன். எட்டு மணிக்குத் திண்டுக்கல் பேருந்து நிலையம். அக்கா ஒரு தூக்குச்சட்டியில் இட்லியோடு நின்றிருந்தாள். ஒன்பது பத்துக்கு அந்தக் குடியிருப்புக்குப் போகும் டவுன் பஸ் வந்தது. எனக்குப் பதினான்கு ரூபாய், அக்காவுக்கு இலவசம். வேடசந்தூர் போகும் சாலையில் பத்தரை கிலோமீட்டர் போய், இடப்பக்கம் திரும்பிக் கருவேலங்காட்டுக்குள் இரண்டரை கிலோமீட்டர். (ஊர்ப்பெயரை எழுதவில்லை. அங்கே இருப்பவர்கள் வேண்டாம் என்றார்கள்.)

நடத்துநரிடம் கேட்டேன். "அண்ணே, காலைல முத வண்டி எப்ப?"

"ஏழே காலுக்கு வந்து திரும்பும். அதான் முத வண்டி."

"ஆறு மணிக்கே டவுன்ல இருக்கணும்னா?"

"மெயின் ரோட்டுக்கு நடந்து போய் நிக்கணும். கரூர் வண்டி வரும். டிரைவர் மனசு வச்சா நிறுத்துவாரு."

அக்கா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எட்டு கட்டடங்கள். ஒவ்வொன்றும் தரைத்தளமும் மூன்று மாடியும். அக்காவுக்கு மூன்றாம் மாடி. காவலாளி கதவைத் திறந்துவிட்டுப் போனார். நான் குறை கண்டுபிடிக்கிற கண்ணோடுதான் போனேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வீடு நன்றாகவே இருந்தது. ஒரு கூடம், ஒரு படுக்கையறை, சமையலறை, குளியலறை, கழிவறை. அக்கா குழாயைத் திறந்து முகம் கழுவினாள். பிறகு கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். உள்ளிருந்து தாழ்ப்பாள் போடுகிற சத்தம், எடுக்கிற சத்தம், மறுபடி போடுகிற சத்தம். வெளியே வந்தபோது அவள் முகத்தில் நான் பல வருடமாகப் பார்க்காத ஒரு சிரிப்பு.

"உள்பக்கம் தாப்பா இருக்குடா. ரிஸ்வானா உள்ள போனா நான் வெளிய காவலுக்கு நிக்க வேணாம்."

ரிஸ்வானா அவள் மகள், ஏழாம் வகுப்பு. ஓடைக்கரையில் எல்லோருக்கும் ஒரே பொதுக் கழிப்பிடம்தான். அதற்கு மேல் எனக்குக் குறை சொல்ல வாய் வரவில்லை.

கீழே இறங்கியபோது, தரைத்தளத்தில் தோசை மாவு விற்கும் பாண்டியம்மா எங்களை உட்காரச் சொன்னார். வந்து ஒரு வருடமாகிறதாம். பாதிக் கதவுகளில் பூட்டுத் தொங்குவதை அப்போதுதான் கவனித்தேன்.

"சாவி வாங்குனவங்க பாதிப்பேரு டவுனுக்கே திரும்பிட்டாங்க தம்பி. கொத்தனாரு, சந்தையில மூடை தூக்குறவரு, எல்லாம் அஞ்சு மணிக்குக் கெளம்புற ஆளுக. இங்கருந்து எப்படிப் போவாங்க?"

"கீழ்வீடு மாத்திக் கேக்கலாமாக்கா?" என்றாள் அக்கா.

"எல்லாம் குடுத்து முடிச்சாச்சு. ஆனா வேணாம்னு மட்டும் எழுதிக் குடுத்துராதம்மா. பெறகு எந்த வீடும் கெடைக்காது. பூட்டிப் போட்டாலும் ஆபத்துதான். ஆளு குடியிருக்கானு வந்து பாக்குறாங்க. இல்லேன்னா ரத்து."

மெயின் ரோட்டில் நூற்பாலை வண்டிகள் ஓடும், கேட்டுப் பாருங்கள் என்றும் அவரே சொன்னார். நடந்து போய் நின்றோம். மதியம் ஒன்றரைக்கு ஷிப்டு ஆட்களை ஏற்ற ஒரு வண்டி வந்து நின்றது. ஓட்டுநரிடம் விஷயத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"நைட் ஷிப்டு முடிஞ்சு டவுனுக்கு வர்ற வண்டி மில்ல விட்டுக் கெளம்பவே ஆறரை ஆயிரும். அதுலயும் வெளியாள ஏத்தக் கூடாது, கேமரா வச்சிருக்காங்க. ஏத்துனா எனக்கு வேலை போயிரும் சார்." கிளம்பியவர் மறுபடி நிறுத்தி, "தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். அதில் தப்பாக எடுக்க என்ன இருக்கிறது?

மாலை பேருந்து நிலையத்தில் நேரக்காப்பாளரிடம் போனேன். விடிகாலை ஐந்து மணிக்கு அங்கிருந்து ஒரு நடை விட முடியுமா?

"அங்க ஆளு ஏறுனாத்தானே தம்பி வண்டி விட முடியும்?"

"வண்டி இல்லாமத்தான சார் ஆளு போயிட்டாங்க."

அவர் பேனாவை மூடி வைத்தார். "அதுவும் நெசந்தான்."

மனு எழுதிக் கொடுத்துவிட்டு ஓடைக்கரைக்கு வந்தேன். மச்சான் கட்டிலில் சாய்ந்திருந்தார். கைநரம்பில் ஊசி குத்திய இடம் புடைத்திருந்தது. நடந்ததையெல்லாம் சொன்னேன்.

"நீங்க ரெண்டு பேரும் போங்க. நான் கடை மாடியில படுத்துக்கிறேன். முதலாளிகிட்டக் கேட்டுட்டேன்."

"வீடு மூணு பேருக்குத்தான குடுத்தாங்க?" அக்கா கத்தினாள். "உங்கள அரிசி மூடைக்கு நடுவுல படுக்கப் போட்டுட்டு எனக்கு என்ன வீடு?"

"ரிஸ்வானாவ நெனச்சுப் பாரு ஜமீலா. இங்க இடிக்கப் போறான். டவுன்ல வாடகைக்குப் பிடிக்க நம்மால ஏலுமா?"

அக்கா என்னைப் பார்த்தாள். பேருந்து நேரங்களைப் பத்து வருடமாகச் சேகரித்து வைத்திருக்கிறேன். அந்தக் குடியிருப்பிலிருந்து ஆறு மணிக்குள் டவுனுக்கு வரும் வண்டி அதில் ஒன்றுகூட இல்லை.

பிப்ரவரியில் அவர்கள் குடிபோனார்கள். ரிஸ்வானாவுக்கு ஏழே கால் வண்டி பள்ளிக்கூடத்துக்குச் சரியாக இருந்தது. மச்சான் கடை மாடியில் தங்கினார். பெருநாளுக்கு மட்டும் வீட்டுக்கு வந்தார். மறுநாள் டயாலிசிஸ். நானூறு ரூபாய் பேசி வைத்த ஆட்டோ விடிகாலையில் வரவில்லை. ஓட்டுநரின் போன் அணைத்திருந்தது. மச்சானுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. 108 ஆம்புலன்ஸ் வர முக்கால் மணி நேரம் ஆகும் என்றார்கள். பாண்டியம்மாவின் மகனும் இன்னொருவரும் அவரை நாற்காலியில் வைத்து மூன்று மாடியும் இறக்கினார்கள். பைக்கில் நடுவில் உட்காரவைத்து, அக்கா பின்னால் இருந்து பிடித்துக்கொண்டு, பதின்மூன்று கிலோமீட்டர். நுரையீரலில் நீர் கட்டிவிட்டது என்றார்கள். நான்கு நாள் தீவிர சிகிச்சை. பிழைத்தார்.

அந்த வீட்டில் அவர் தூங்கியது அந்த ஓர் இரவுதான். இனி அங்கே வரமாட்டேன் என்கிறார். அக்காவும் வரச்சொல்வதில்லை.

இதுபோல் ஒதுக்கீடு கிடைத்து, வீட்டைப் பார்க்கக் கிளம்புகிறவர்கள் இதை வாசிக்கலாம் என்பதால் சில விஷயங்கள். பட்டப்பகலில் போய்ப் பார்க்காதீர்கள். தினமும் நீங்கள் வேலைக்கோ ஆஸ்பத்திரிக்கோ கிளம்பவேண்டிய நேரத்தில் அங்கே போய் நின்று பாருங்கள். வீட்டில் நோயாளி இருந்தால், கணக்கெடுக்க வரும்போதே மருத்துவச் சான்றோடு தரைத்தளம் கேளுங்கள். சாவி வாங்கிய பிறகு கேட்டுப் பயனில்லை. அக்காவின் குடியிருப்பிலிருந்து கடைசிப் பேருந்து இரவு எட்டு இருபதுக்கு, தவறவிட்டால் ஆட்டோதான். இதையெல்லாம் செய்தாலும் நிலைமை மாறும் என்று என்னால் சொல்ல முடியவில்லை. இப்படியாகும் என்று அக்காவுக்கு முன்பே தெரிந்திருந்தாலும் அந்தச் சாவியை வாங்கத்தான் செய்திருப்பாள்.

மனுவுக்குப் பதில் வந்துவிட்டது. குடியிருப்போர் எண்ணிக்கை கூடிய பின் பரிசீலிக்கப்படுமாம். அக்காவிடம் போனில் வாசித்துக் காட்டினேன். போனில் காற்று இரைந்தது.

"சன்னலத் தொறந்து வச்சிருக்கேன்டா," என்றாள். "இம்புட்டுக் காத்து. அந்த மனுசன் அங்க கடை மாடியில வெந்துக்கிட்டுக் கெடக்காரு."