சமாதானம் சொல்லாத சம்மனசு

இலங்கையில் றக்வானப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் பள்ளிக்கூட டீச்சர். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சின்னக் கத்தோலிக்கக் கோயிலில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசமும் சொல்லிக்கொடுத்தேன். சம்பளமில்லாத வேலை என்பதால் யாரும் போட்டிக்கு வரவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு வருடம், இனக்கலவரத்தில் கீழ் லயத்து வரிசை வீடுகளைக் கொளுத்திவிட்டார்கள். நாங்கள் தேயிலைக்குள் ஒளிந்திருந்துவிட்டுத் திரும்பியபோது சுவர்கள் நின்றன, பண்டபாத்திரம் ஒன்றும் இல்லை. அதன்பிறகு பெண்கள் பீலிக்குழாயில் தண்ணீர் பிடிக்கக் குடத்துக்குப் பதில் மண்ணெண்ணெய்த் தகரத்தோடு வந்தார்கள். கிறிஸ்து பிறப்புத் திருநாளான நத்தார் நெருங்கியதும் கோயில் சுவாமியார், "இந்த வருசம் பிள்ளைங்களுக்குச் சமாதானத்தப் பத்திச் சொல்லிக் குடுங்க டீச்சர்" என்றார். அதற்கென்ன, சொல்லிக்கொடுத்தால் போச்சு என்று நானும் தலையாட்டினேன்.

பூசையில் பக்கத்திலிருப்பவருக்குக் கைகூப்பிச் "சமாதானம்" என்போமே, அதிலிருந்து தொடங்கினேன். கோபம் உள்ளவர்களிடமும் போய் அதைச் சொல்லவேண்டும், முதலில் சொல்கிறவர்தான் பெரியவர் என்றேன். நத்தார் நாடகத்தில் சம்மனசுக்கு, அதாவது தேவதூதருக்கு, அந்த ஒரு வார்த்தைதான் வசனம். அதைக் கீழ் லயத்து ஒன்பது வயதுப் பிள்ளை ஒருத்திக்குக் கொடுத்தேன். அவள் வாயைத் திறந்தால் அடுத்த மலையில் கொழுந்து எடுப்பவர்களுக்கும் கேட்கும்.

வாயால் சொன்னால் மட்டும் போதுமா என்று எனக்கொரு வீறாப்பு. பலகாரத் தட்டோடு பிள்ளைகளைக் கீழே சிங்களக் கிராமத்துக்குக் கூட்டிப்போகக் கிளம்பினேன். பல தாய்மார் விடவில்லை. சம்மனசாக நடிக்கும் பிள்ளையின் அம்மா மட்டும், "நீங்க கூட்டிட்டுப் போனா சரிங்க டீச்சர்" என்று தலை சீவி அனுப்பினாள்.

முதல் வீட்டில் ஒரு பெண் இரண்டு கையாலும் தட்டை வாங்கி, எங்களை வாங்குப் பலகையில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்தாள். அடுப்படி வாசலில் ஒரு பித்தளைக் குடம் இருந்தது. அதன் கழுத்தில் புள்ளிபுள்ளியாகத் தமிழில் பெயர் வெட்டியிருந்தது. சம்மனசு எழுந்துபோய் விரலை வைத்து எழுத்துக் கூட்டினாள். எழுத்துக் கூட்டக் கற்றுக்கொடுத்தவளும் நான்தான்.

"டீச்சர், இது எங்கம்மா பேரு. எங்க கொடம்."

"மொகத துவே?" என்று அந்தப் பெண் சிரித்தபடி கேட்டாள். என்ன மகளே என்றுதான் கேட்டாள். உள்ளேயிருந்து ஓர் ஆண் வந்து கதவருகில் நின்றான். குடம் எப்படி வந்தது என்று கேட்க என்னிடம் சிங்களம் இல்லாமல் இல்லை. கேட்டிருந்தால் அன்றிரவு லயத்தில் யார் காவல் இருப்பது? தண்ணீர் நல்ல குளிர்ச்சி என்கிறாள் பிள்ளை என்று அந்தப் பெண்ணுக்குச் சிங்களத்தில் ஒரு பொய் சொன்னேன். பிள்ளையின் காதில், "பேசாத. சமாதானம்னு மட்டும் சொல்லிட்டு வா" என்றேன். அவள் கைகூப்பிச் சொன்னாள். வெறும் தட்டைத் திருப்பக்கூடாதென்று அந்தப் பெண் நாலு கவும் பலகாரம் வைத்துக் கொடுத்தாள்.

ஏற்றத்தில் வரும்போது பிள்ளை கேட்டாள்: "நாளைக்கிப் போய்க் கேப்பமா டீச்சர்?"

"கேட்டா சண்ட வரும். நாமதான் சமாதானமாப் போகணும்."

"அம்மாகிட்ட?"

"வேணாம்."

ஊருக்குத்தான் உபதேசம் என்பார்கள். அந்த உபதேசமும் என் வாயில் இப்படித்தான் முடிந்தது. எனக்கே என்மேல் அருவருப்பாக இருந்தது. மறுநாள் பீலியடியில் அவளுடைய அம்மா தகரத்தோடு நிற்பதைக் கண்டு, நான் வேறு பாதையால் சுற்றிப் போனேன்.

நத்தார் அன்று கோயில் நிறைய ஆட்கள். இடையர்கள் முழங்காலில் காத்திருந்தார்கள். சம்மனசு வாயைத் திறக்கவில்லை. நான் திரைக்குப் பின்னாலிருந்து மூன்று தடவை எடுத்துக்கொடுத்தேன். முன்வரிசையில் இருந்த அவளுடைய அம்மாவும் உதடசைத்துச் சொல்லிப் பார்த்தாள். கடைசியில் இடையர்கள் தாங்களாகவே எழுந்து நடந்துவிட்டார்கள்.

பிறகு பீடத்துக்குப் பின்னால் சக்கிறீஸ்து அறையில் வைத்துக் கேட்டேன்: "மறந்திட்டியா?"

"மறக்கலங்க டீச்சர். அதச் சொல்லிட்டா அப்புறம் பேசக்கூடாதே. எனக்கு அம்மாகிட்ட ஒன்னு சொல்லணும்."

கதவடியில் அவளுடைய அம்மா காத்துக்கொண்டு நின்றாள். பிள்ளை அந்தப் பக்கம் திரும்பினாள். அவள் முதுகிலிருந்த காகிதச் சிறகுகளை அவிழ்த்து எடுத்தேன்.