மங்கலாகவே இருக்க வேண்டிய நட்சத்திரம்

கடை ஷட்டரைப் பாதி இறக்கிய கையோடு அண்ணாந்து பார்த்து, சிக்கந்தர் மேகத்தைத் திட்ட ஆரம்பிப்பார். பினாங்கு மலைப் பக்கம் ஒரு திட்டு வெள்ளை தெரிந்தால் போதும். "காலையிலேர்ந்து வெயிலு மண்டையப் பொளந்துச்சி. நான் கடைய சாத்துனாத்தான் இதுக்கு வேல வரும்லா." பக்கத்தில் பூ கட்டும் நவமணி தலையைத் தூக்காமலே, "அது உங்க மூஞ்சியப் பாத்துத்தாண்ணே வருது" என்பார்.

சூலியா தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை. "இது தெளிவா, முன்னாடி உள்ளது தெளிவா?" என்று முப்பது வருடமாகக் கேட்டுக் கேட்டு, பதில் சொல்லத் தயங்குபவர்களைக் கண்டாலே அவருக்கு எரிச்சல். மனைவி சலேஹா உள்ளறையில் கண்ணாடிகளை அரைத்துச் சட்டத்தில் பொருத்துவார். இம்மியளவு மங்கல் இருந்தாலும் வெளியே விடமாட்டார்.

ஜெலுத்தோங்கில் அவர்கள் குடியிருக்கும் அடுக்குமாடியின் உச்சியில், தண்ணீர்த் தொட்டிக்கும் துணிக்கொடிக்கும் நடுவே சிக்கந்தரின் தொலைநோக்கி நிற்கிறது. அவர் தேடுவது வேறு நட்சத்திரங்களைச் சுற்றும் கோள்களை. கோள் கண்ணில் படாது. தன் நட்சத்திரத்துக்கு முன்னால் அது கடக்கும்போது வெளிச்சம் நூறில் ஒரு பங்கு குறையும். நிமிடத்துக்கொரு படம் எடுத்து அளந்துகொண்டே இருந்தால், கணினித் திரையில் ஒரு கோடு சற்றே இறங்கி, இரண்டு மணி நேரம் கழித்து ஏறும். அந்தப் பள்ளத்துக்காகத்தான் இத்தனை ரோதனையும். மாடி விளக்கை அணைக்கச் சொல்லிக் காவலாளி ஹஸ்ருலோடு மாதம் ஒரு சண்டை. காயப்போட்ட போர்வைகளோடு தினம் ஒரு சண்டை.

மாடியில் இரண்டு மடக்கு நாற்காலிகள். இரண்டாவது, தம்பி சீனி முகம்மதுவுடையது. ஒருவர் தொழப் போனால் மற்றவர் திரையைப் பார்த்துக்கொள்வது ஏற்பாடு. சென்ற வருடம் தம்பி இறந்ததிலிருந்து அது தொட்டியோடு சாய்ந்து கிடக்கிறது. "சொல்லாமக் கொள்ளாமப் போய்ட்டாரு பெரிய மனுசன்" என்று அதன் மேலும் எரிந்து விழுவார்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை. அவர் சேர்ந்திருக்கும் பன்னாட்டு ஆர்வலர் குழுவில், ஒரு புதிய கோளின் பள்ளத்தைச் சிலியில் ஒருவரும் ஆஸ்திரேலியாவில் ஒருவரும் ஆளுக்கொரு முறை பார்த்திருந்தார்கள். மூன்றாவது சாட்சி வேண்டும். அன்று இரவு 9.10க்கு அது கடக்கும். அந்த நேரம் சிலியில் பகல், ஆஸ்திரேலியாவில் மழை; மிச்சம் பினாங்குதான். தவறினால் ஏழு மாதம் காத்திருக்க வேண்டும்.

எட்டு மணிக்கே படம் எடுக்கத் தொடங்கிவிட்டார். எல்லாம் சீராக ஓடியது. ஒன்பதுக்கு, கீழ்த்தளத்துச் சிறு தொழுகைக் கூடமான சூராவில் இஷா தொழுதுவிட்டு வர மின்தூக்கியில் இறங்கினார். கோப்பியோடு படியேறி வந்த சலேஹா மாடியில் யாரையும் காணவில்லை. திரையில் நட்சத்திரம் உளுந்து வடைபோல நடுவில் ஓட்டையோடு பரந்து கிடந்தது. முப்பது வருடம் தொழில் செய்த கை சும்மா இருக்குமா? தொலைநோக்கியின் குமிழைத் திருகித் திருகி, அதைக் குண்டூசி முனையாக்கிவிட்டார்.

கோள் தேடுபவர்கள் நட்சத்திரத்தை வேண்டுமென்றேதான் மங்க வைப்பார்கள். கூர்மையாக்கினால் வெளிச்சமெல்லாம் ஒரே புள்ளியில் குவிந்து வழிந்துவிடும். பரப்பி வைத்தால்தான் துல்லியமாக அளக்கலாம். இது சீனி முகம்மதுவுக்குத் தெரியும். சலேஹாவிடம் யாரும் சொன்னதில்லை.

திரும்பி வந்த சிக்கந்தர் திரையையே பார்த்தார்.

"யாரு தொட்டது?"

"நாந்தான் மச்சான். ஒரே மங்கலா இருந்துச்சி. ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டி விடுறீங்க, உங்க கண்ண யாரு பாக்குறது?"

"எத்தன மணிக்கு?"

"இப்பத்தான். ஒம்பது பத்து இருக்கும்."

சிக்கந்தர் உட்கார்ந்தார். "அது மங்கலாத்தான் புள்ள இருக்கணும்."

"அத வாயத் தொறந்து சொல்லணும்லா. மேகத்துக்கிட்ட பேசுற நேரத்துல எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்."

குமிழைப் பழையபடி திருப்பினார். பழைய இடம் சரியாகக் கிடைக்கவில்லை. கோடு 9.10க்கு இறங்கியிருந்தது. இறக்கியது கோளா, குமிழா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. மறுபடி ஏறுவதையாவது பார்த்தால் தெரியும் என்று காத்திருந்தார். பதினொன்றுக்கு மலைப் பக்கமிருந்து மேகம் வந்து மூடியது.

"வந்துட்டாரு தொர" என்றார். திட்டக்கூடத் தெம்பில்லை.

கோட்டைப் பார்த்தால் அசல் பள்ளம் போலவேதான் இருந்தது. அப்படியே அனுப்பிவிட்டால் குழுவில் யாருக்கும் சந்தேகம் வராது. குறிப்பு எழுதும் கட்டத்தைத் திறந்து, விசைகளின் மேல் வெகுநேரம் விரலை வைத்துக்கொண்டிருந்தவர், "9.10: குவியம் மாறிவிட்டது. என் கவனக்குறைவு. இதைச் சேர்க்க வேண்டாம்" என்று தட்டி அனுப்பினார்.

சலேஹா ஆறிப்போன கோப்பியை எடுத்துக்கொண்டு நின்றார். "என் பேரப் போட்டீங்களா?"

"போடல."

"அடுத்தது எப்ப?"

"ஏழு மாசம்."

சிக்கந்தர் எழுந்துபோய், தொட்டியோடு சாய்ந்திருந்த தம்பியின் நாற்காலியை விரித்தார். சட்டைப் பையிலிருந்து, கடைக்கு வரும் எவருக்கும் இரவல் தராத, கண்ணாடி துடைக்கும் மஞ்சள் துணியை எடுத்து, ஒரு வருடத் தூசியை மூலை விடாமல் துடைத்து, திரை தெரியும்படி அதைத் தன் நாற்காலியின் பக்கத்தில் இழுத்துப் போட்டார்.