முந்திரிக்கொத்தும் ஒரு கட்டைவிரலும்

பத்து நாளைக்கு முன்னால் தக்கலை பஸ் ஸ்டாண்டில் ஒருவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். முன்பின் பார்த்ததில்லை. வாசகராம்.

"சாரே, போன கிறிஸ்மஸுக்கு முந்திரிக்கொத்தப் பத்தி ஒண்ணு எழுதினீங்களே... ஹோ! சிரிச்சு சிரிச்சு வயிறு வலிச்சிட்டு. குடும்ப குரூப்புல எல்லாருக்கும் அனுப்பினேன். இந்த வருசமும் அது மாதிரி ஒண்ணு விடுங்க!"

எனக்கு எப்படி இருந்திருக்கும்? நாகர்கோவில் பஸ் கண்ணெதிரே கிளம்பிப் போனது. போகட்டும் என்று விட்டுவிட்டேன். பஸ் அஞ்சு நிமிடத்துக்கு ஒன்று வரும். பாராட்டு அப்படியா வருகிறது?

அந்தக் கட்டுரையைப் படிக்காதவர்களுக்காக ஒரு சுருக்கம். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் முந்திரிக்கொத்து வாங்கினேன். பயறு வறுத்துப் பொடித்து, தேங்காயும் கருப்பட்டிப் பாகும் சேர்த்து உருட்டி, மாவில் முக்கிப் பொரித்தெடுப்பார்களே, அதுதான். கடித்தேன். பல் உள்ளே இறங்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது. அதை ஒரு பக்கத்துக்கு இழுத்திருந்தேன். 'பத்மநாபபுரம் கோட்டைச் சுவரில் கல் பெயர்ந்த இடத்தில் இதை வைத்து அடைக்கலாம்' என்று ஒரு வரி. 'என் கடைவாய்ப் பல்லுக்குக் கண்ணீர் அஞ்சலி' என்று இன்னொரு வரி. எழுதும்போதே நானே சிரித்துக்கொண்டேன் என்றால் பாருங்களேன்.

சரி. இந்த வருடம் என்ன எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது ஆசிரியர் போன் செய்தார். "பண்டிகை சீசன். நன்றி பற்றி ஏதாவது எழுதுங்களேன். சின்னச் சின்ன வியாபாரம் செய்கிறவர்கள், நம் அன்றாடத்தை நடத்திக் கொடுக்கிறவர்கள்... மனசைத் தொடுகிற மாதிரி."

மனசைத் தொடுவதா? தொட்டுவிட்டால் போச்சு! உடனே எனக்கு நினைவுக்கு வந்தது அதே முந்திரிக்கொத்து வீடுதான். போன வருடம் கேலி, இந்த வருடம் நன்றி. என்ன பொருத்தம்! கூடவே, மஸ்கட்டில் இருக்கும் என் மச்சினனுக்குப் பலகாரமும் சொல்லிவிடலாம். ஒரே நடையில் இரண்டு வேலை.

"சரோஜா, நான் பலகாரத்துக்கு ஆர்டர் சொல்லப் போறேன். நீயும் வாறியா?" என்றேன்.

என் மனைவி துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நான் வரல்ல. நீங்களே போங்க. எனக்கு அவ முகத்தப் பாக்கியதுக்கு ஒரு வருசமா தைரியம் இல்ல."

ஏன் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பேனாவும் சின்ன நோட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். நன்றி சொல்லப் போகிறவன் நோட்டோடு போகிற அழகைப் பாருங்கள்!

நாலு வீடு தள்ளித்தான் அவர்கள் வீடு. அந்தப் பெண்ணுக்கு எஸ்தர் என்று பெயர் வைத்துக்கொள்வோம். உண்மைப் பெயர் அதல்ல. அவள் கணவன் ராஜன், டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறான். அதுவும் உண்மைப் பெயரல்ல. கேட்டின் நிறம், வாசலில் நிற்கிற மரம், இதெல்லாம் இந்த முறை எழுதப்போவதில்லை. காரணம் போகப் போகத் தெரியும்.

வீட்டை ஒட்டி ஷீட் போட்ட ஒரு அடுக்களை. டிசம்பர் பிறந்துவிட்டால் அங்கிருந்து பயறு வறுக்கிற வாசனை தெருமுனை வரை வரும். அன்றைக்கு வரவில்லை. அடுப்பு இருந்த இடத்தில் விறகும் பழைய சைக்கிளும் கிடந்தன. எஸ்தர் அப்போதுதான் வேலை முடிந்து வந்து, முற்றத்துக் குழாயில் தேங்காய் எண்ணெய் போட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். விரல் நுனியெல்லாம் கறுப்பு. முந்திரி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், கொட்டை உடைக்கிறவர்கள் கை அப்படித்தான் இருக்கும். கழுவினால் போகாது.

"வாருங்க சாரே. இரிங்க. சாயா போடட்டா?"

"சாயா இருக்கட்டும். என்ன எஸ்தர், அடுப்பக் காணோம்? மஸ்கட்டுக்கு முந்திரிக்கொத்து வேணுமே!"

"அதெல்லாம் நிப்பாட்டியாச்சு சாரே. இப்ப ஆபீசுக்குப் போறேன்."

"நிப்பாட்டியாச்சா? ஏன்? நல்லாத்தானே போச்சு?"

அவள் கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். வேனைத் துடைத்துக்கொண்டிருந்த ராஜன்தான் துணியை உதறிவிட்டுத் திரும்பினான்.

"சாருக்குத் தெரியாதா?"

"நீங்க சும்மா இரிங்க," என்றாள் எஸ்தர்.

"நான் ஏன் சும்மா இரிக்கணும்? ஒரு வருசமா சும்மாதான் இரிக்கேன். சாரே, நீங்க எழுதினது ஞாயித்துக்கிழம வந்துது. கேட்டியளா? அன்னைக்கு ஆராதன முடிஞ்சு வெளிய வாறதுக்குள்ள சபையில எல்லாரு போனுலயும் அது ஓடுது. வீடு வீடா பாடிட்டு கேரல் ரவுண்டுக்கு வாற பிள்ளையளுக்குக் குடுக்க, சபைப் பொம்பளைங்க எல்லாரும் சேந்து இவகிட்டதான் முந்திரிக்கொத்து சொல்லியிருந்தாவ. திங்கக்கிழம கேன்சல். பிறகு ஒவ்வொரு வீடா கேன்சல். வறுத்த பயறு அப்படியே கெடந்துது. பள்ளிக்கூடத்துல என் மவளுக்குப் பேரு என்னன்னு தெரியுமா? கல்லுக்கொத்து."

அந்த நேரத்தில் ஒரு மனுஷன் என்ன சொல்ல வேண்டும்? மன்னிப்புக் கேட்க வேண்டும். நான் சொன்னதைக் கேளுங்கள்.

"நான் பேர் எழுதலையே ராஜன்..."

"இந்த ஊருல வீட்டுல வச்சு முந்திரிக்கொத்து விக்கியது யாரு சாரே? கேட்டு என்ன நெறம், வாசல்ல என்ன மரம், எல்லாம் எழுதிப்போட்டு... பேரு வேற எழுதணுமாக்கும்?"

விவரணை என்று நினைத்து எழுதியவை அவை. வாசகர்களுக்குக் காட்சி தெரிய வேண்டாமா? நன்றாகத்தான் தெரிந்திருக்கிறது. வீட்டு வாசலையே காட்டிக் கொடுத்திருக்கிறது.

அத்தோடாவது நிறுத்தினேனா? இல்லை. "ஆனா... அது உள்ளதுக்கே கடுசாத்தான் இருந்துது..." என்று இழுத்தேன். வாசகர்களே, எனக்கு அறுபத்திரண்டு வயது. இதை எழுதும்போதும் காது சுடுகிறது.

எஸ்தர் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். கோபமெல்லாம் இல்லை. கணக்கு தப்பாகப் போட்ட பிள்ளைக்கு டீச்சர் சொல்லிக்கொடுக்கிற குரலில் சொன்னாள்.

"கடுசாத்தான் இரிக்கும் சாரே. போன வருசம் மஸ்கட்டுக்குன்னு நீங்கதானே சொன்னீங்க? வெளிநாட்டுக்குப் போறதுக்குப் பாகு ஒரு பதம் கூட்டித்தான் எடுப்போம். இல்லன்னா ஒரு வாரத்துல பூசணம் பிடிச்சிரும். டின்னுல அடைச்சு ரெண்டு மூணு வாரம் இரிந்தா பதமா இளகி வரும். தரும்போது உங்ககிட்ட சொன்னேனே... இத இப்பத் திங்காதீங்க, வீட்டுக்கு வேணும்னா வேற பாகுல செஞ்சு தாறேன்னு."

சொன்னாளா?

சொன்னாள். அந்த நிமிடம் அப்படியே ஞாபகம் வந்தது. ஒரு கையில் டின். இன்னொரு கையில் போன். காதில் ஆசிரியர், 'இந்த வாரக் கட்டுரை எங்கே?' என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். எஸ்தர் ஏதோ சொல்கிறாள். நான் 'ஆமா ஆமா' என்று தலையாட்டிவிட்டு வருகிறேன். வீட்டுக்கு வந்ததும் டின்னைத் திறந்து ஒன்றைக் கடித்தேன். கட்டுரை கிடைத்துவிட்டது! மறுபடி டின்னை மூடி மஸ்கட்டுக்கு அனுப்பியும் வைத்தேன். கல் என்று ஊருக்கெல்லாம் எழுதியவன் அதை ஏன் மச்சினனுக்கு அனுப்பினேன்? அந்தக் கேள்வி எனக்கு அன்று தோன்றவே இல்லை.

வெளிநாட்டுப் பொதியை வீட்டில் பிரித்துத் தின்றுவிட்டு, செய்தவளைக் குறை சொன்ன ஆள் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இங்கே பாதி வீட்டில் யாராவது ஒருவர் கல்ஃபில் இருக்கிறார். பாகின் கணக்கு பச்சைப் பிள்ளைக்கும் தெரியும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வருடா வருடம் கிறிஸ்மஸ் காலையில் அவர்கள் வீட்டிலிருந்து எங்களுக்குத் தட்டு வரும். கேக், அச்சப்பம், பழம், முந்திரிக்கொத்து. பொங்கலுக்கு நாங்கள் அந்தத் தட்டில் பலகாரம் வைத்துத் திருப்பிக் கொடுப்போம். போன வருடம் அந்தக் கட்டுரை வந்த பிறகும் தட்டு வந்தது. முந்திரிக்கொத்து மட்டும் இல்லை. நான் சரோஜாவிடம் என்ன சொன்னேன் தெரியுமா? "பாத்தியா, பயந்துட்டாங்க!" என்று சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

எஸ்தரிடம் மன்னிப்புக் கேட்டேன். கடைசியில் கேட்டேன். கேட்டதும் என் புத்தி மறுபடியும் எழுத்துக்குத்தான் ஓடியது.

"எஸ்தர், நான் இந்த வாரமே மாத்தி எழுதிருதேன். உன் பேரு, போன் நம்பர் எல்லாம் போட்டு..."

"வேண்டாம் சாரே. என்னப் பத்தி இனி எழுத வேண்டாம். எழுதணும்னா உங்களப் பத்தி எழுதுங்க."

நோட்டைச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு வீடு வந்தேன். அந்த நாலு வீட்டுத் தூரம் அன்றைக்கு நீளமாக இருந்தது.

மறுநாள் சபைப் பெண்கள் சங்கத்தின் தலைவி அம்மாவைத் தேடிப் போனேன். நடந்ததைச் சொன்னேன். தப்பு என்னுடையது, இந்த வருட கேரல் பலகாரத்தை எஸ்தரிடமே கொடுங்கள் என்று கெஞ்சாத குறை. அந்த அம்மா நல்ல மாதிரி. "அய்யோ, நாங்களும் அப்பிடி செஞ்சிருக்கப்பிடாது," என்று வருத்தப்பட்டார்கள். "ஆனா இந்த வருசம் பேக்கரியில சொல்லி, பாதி வந்தும் போச்சே சாரே." அவ்வளவுதான். ஒரு வரியில் கெடுத்ததை ஒரு நடையில் நேராக்கிவிடலாம் என்று நினைத்தால் நடக்குமா?

வீட்டுக்கு வந்து மச்சினனுக்குச் செய்தி அனுப்ப போனை எடுத்தேன், இந்தத் தடவை பலகாரம் இல்லை என்று சொல்ல. பழைய செய்திகளைத் தள்ளிக்கொண்டே போனபோது, ஜனவரி முதல் வாரத்தில் அவன் அனுப்பிய ஒரு வாய்ஸ் மெசேஜ் கண்ணில் பட்டது. அதன் கீழே நான் அனுப்பிய பதில். ஒரு கட்டைவிரல். அதுதான், தம்ஸ்-அப்.

போட்டுக் கேட்டேன். அன்றைக்கு இதை முழுசாகக் கேட்காமலே விரலைக் காட்டியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எஸ்தர் வந்திருப்பாள் என்று தெரிந்த நேரத்தில் போனேன். நோட்டு இல்லை. போன் மட்டும். "எஸ்தர், ஒரு நிமிசம். இதக் கேளு," என்று வாசலில் நின்றே போட்டேன்.

"அத்தான், பலகாரம் போன மாசமே வந்துட்டு. இன்னைக்குத்தான் டின்னத் திறந்தோம். அந்த அக்கா செஞ்ச முந்திரிக்கொத்து இரிக்கே... என்ன சொல்லுகதுன்னு தெரியல்ல. நல்லா இரிந்துது, அவ்வளவு கொள்ளாம்! ரூமுல இரிக்கிய ஆறு பேரும் ஆளுக்கு ரெண்டுதான்னு பங்கு வச்சோம். குலசேகரத்துக்காரன் ஒருத்தன் உண்டு. நாலு வருசமா ஊருக்குப் போகாதவன். வாயில போட்டவன் ஒண்ணும் பேசாம வெளிய எறங்கிப் போயிட்டான். அந்த அக்காகிட்ட நாங்க எல்லாரும் தேங்க்ஸ் சொன்னோம்னு சொல்லுங்க அத்தான். மறந்துராதீங்க, என்னா?"

எஸ்தர் கதவில் சாய்ந்து நின்றிருந்தாள். "இன்னொரு வாட்டி போடுங்க சாரே," என்றாள். போட்டேன். ராஜனும் உள்ளேயிருந்து வந்து நின்று கேட்டான். வெளியே இறங்கிப் போனவனைப் பற்றிய இடம் வந்ததும் அவள் முந்தானையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு லேசாகச் சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்பு கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. ஒரு நிமிடம்தான்.

"இது எப்ப வந்துது சாரே?"

"ஜனவரில. முதல் வாரம்."

அவள் கறுத்த விரல்களை மடக்கி மடக்கி எண்ணினாள்.

"பொங்கலுக்கு முந்தியா?"

"ஆமா. முந்தித்தான்."

"பொங்கல் கழிஞ்சுதான் நான் பாகு காய்ச்சுற உருளிய வித்தேன்," என்றாள். "எனக்கே சந்தேகம் வந்திட்டு சாரே... நம்ம கை கெட்டுப் போச்சோன்னு."

"சாயா குடிச்சிட்டுப் போங்க," என்றாள். குடித்தேன். கிளம்பும்போது அந்த மெசேஜைத் தன் போனுக்கு அனுப்பித் தரச் சொன்னாள். மகளுக்குப் போட்டுக் காட்டணுமாம்.

கல் என்று நான் எழுதியது ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ஊர் முழுக்கப் போனது. ஆறு பேர் சொல்லியனுப்பிய நன்றி மஸ்கட்டிலிருந்து கடல் தாண்டி என் சட்டைப் பை வரை வந்துவிட்டது. அங்கிருந்து நாலு வீடு போக அதற்குப் பதினோரு மாதம் ஆகியிருக்கிறது. நடுவில் நின்றவன் நான்.

ஆசிரியர் கேட்ட நன்றிக் கட்டுரை இது இல்லை. எஸ்தர் சொன்னபடி என்னைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன். உங்களிடம் யாராவது 'அவங்ககிட்ட சொல்லிருங்க' என்று ஒரு நல்ல வார்த்தையைக் கொடுத்தனுப்பினால், கட்டைவிரலைக் காட்டாதீர்கள். எழுந்து போய்ச் சொல்லிவிடுங்கள்.

கிறிஸ்மஸுக்கு இன்னும் நாலு நாள் இருக்கிறது. தட்டு வருமா என்று சரோஜாவிடம் கேட்டேன். "அவ அனுப்புவா," என்றாள்.

வராவிட்டால் நியாயம். வந்துவிட்டால்... எந்தக் கையால் வாங்குவேன்?