அன்னாள் கொடுத்த விரல்

என் அத்தை அன்னாள் யாருக்கும் அடங்கிப் போனவள் இல்லை. திண்டுக்கல்லில் தோல் பதனிடும் ஷாப்பில் இருபது வருடம் வேலை பார்த்தாள். தோல் ஊறும் கடுக்காய்த் தண்ணீரில் நின்று நின்று அங்கே எல்லோருக்கும் பாதம் கறுத்துதான் இருக்கும். அதனால் 2005இல் இடது கால் பெருவிரலில் கறுப்பு விழுந்தபோது கறை என்றே நினைத்தாள். இரண்டு வருடம் புளியைப் போட்டுத் தேய்த்தாள். நாங்களும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். அந்தக் கோபம் எங்கள் எல்லோர் மேலும் எனக்கு இன்னும் இருக்கிறது.

ரத்தம் கசிந்த பிறகுதான் மதுரை ஆஸ்பத்திரிக்குப் போனோம். தோல் புற்றுநோய், விரலை எடுக்க வேண்டும் என்றார்கள்.

ஆபரேஷனுக்கு முதல் நாள் ஹரிணி என்ற ஆராய்ச்சி மாணவி வந்தாள். எடுக்கும் விரலில் மொச்சைக்கொட்டை அளவு சதை வேண்டும் என்றாள். செல்லுக்குள் மைக்ரோ ஆர்.என்.ஏ. என்று மிகச் சிறிய துணுக்குகள் உண்டாம். மரபணுக்களை மட்டுக்குள் வைப்பது அவற்றின் வேலை. அவை கூடிக் குறைவதால்தான் புற்றுநோய் செல்கள் இருந்த இடத்தை விட்டுக் கிளம்புகின்றனவா என்று பார்க்கிறார்களாம். இதனால் அத்தைக்குக் குணமாகாது என்பதையும் அவள் மறைக்கவில்லை.

அத்தையின் அண்ணன், அதாவது என் அப்பா கிறிஸ்துராஜ், கொதித்துப்போனார். எங்கள் வீடுகளில் வெட்டி எடுத்த கைகால் கல்லறைக்குத்தான் போகும். உயிர்த்தெழும் நாளில் உடம்பு குறையில்லாமல் எழ வேண்டும் அல்லவா? சதையைக் கொடுக்கச் சம்மதக் கையெழுத்துப் போட்டால் இனி அண்ணன் என்று வராதே என்று வார்டிலேயே சத்தம் போட்டார்.

"ரெண்டு வருசமா என் கால்லயே இருந்து என்னைய ஏய்ச்சிருக்கு. அதுக்கு மெழுகுவத்தி ஏத்தச் சொல்றியாண்ணே? என்னைய எழுப்புற ஆண்டவருக்கு ஒரு விரலச் சேத்து எழுப்பத் தெரியாதா?"

சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். அப்பா ஏழு மாதம் பேசவில்லை. அத்தையும் கெஞ்சவில்லை. ஞாயிறு பூசைக்கு நொண்டிக்கொண்டே வந்து அவருக்கு முன்வரிசையில் உட்காருவாள். எனக்கு அதில் அவ்வளவு பெருமை.

எட்டாம் மாதம் தொடையிடுக்கில் கட்டி வந்தது. பரவிவிட்டது, இனி மாதக்கணக்குதான் என்றார் டாக்டர். அப்பா ஓடி வந்து அழுதார். அத்தையும் பயமாக இருக்கிறது என்று வாய்விட்டு அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு ஹரிணிக்குப் போன் போடச் சொன்னாள்.

"தாயி, கெளம்புனது ஒங்கிட்ட இருக்கு. வந்து சேந்தது இங்க இருக்கு. ரெண்டையும் வெச்சுப் பாரு. நாளைக்கே வாரேன்."

அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"நீயும் வாண்ணே," என்றாள் அத்தை. "சாட்சிக் கையெழுத்துக்கு ஆள் வேணும்."