துடைக்காமல் எழுதிய ஐந்து பெட்டிகள்

வலது கையில் தூரிகை. இடது கை ஒரு குச்சியைப் பெட்டியின் மேல் சாய்த்து, வலது மணிக்கட்டுக்கு முட்டுக் கொடுத்திருந்தது. கறுப்புத் தகரத்தில் வெள்ளை எனாமல். எட்டின் மேல்வட்டம் கீழ்வட்டத்தைவிட ஒரு மயிரிழை சிறியதாக இருக்க வேண்டும். இரண்டும் சமமாகிவிட்டால் அந்த எட்டு தலைக்கனம் பிடித்ததுபோல நிற்கும். கை அதை அளக்காமலே செய்தது. மூச்சை அடக்கி வளைவை முடித்து, தூரிகையைத் திருப்பித் தூக்கியது.

கையில் குறை இல்லை. மனசுதான் அன்று சரியில்லை.

ராணுவக் குவார்ட்டர்ஸில் அவளைப் பெயிண்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். மாற்றலாகிப் போகிற குடும்பங்களின் டிரங்குப் பெட்டிகளில் பெயர், எண், போகிற ஊர் எல்லாம் எழுதித் தருவது அவள்தான். ஆறு வருடத்துக்கு முன்பு அவர்களுடைய நான்கு பெட்டிகளில் ஒன்று வந்து சேரவே இல்லை. கடையில் எழுதிக் கொடுத்த எழுத்து வழியில் உரிந்துபோய், ஏதோ ஒரு கிடங்கில் அது அநாதையாகிவிட்டது. மகளின் முதல் வருடத்துப் படங்கள் எல்லாம் அதில்தான் இருந்தன. அழுது ஓய்ந்த மறுநாள் ஒரு டப்பா எனாமலும் தூரிகையும் வாங்கிவந்து, காலி பிஸ்கட் டின்களில் எழுதிப் பழகினாள். சொல்லித்தர யாருமில்லை. முப்பது டின் வீணான பிறகு ஒன்று பிடிபட்டது: எழுத்து நிற்பது தூரிகையால் அல்ல, துடைப்பதால். புதுப்பெட்டியில் துருவுக்காகப் பூசிய எண்ணெய்ப் பசை கண்ணுக்குத் தெரியாது. டர்பன்டைனில் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து எழுதினால் மழைக்கும் உப்புக்காற்றுக்கும் அசையாது. துடைக்காமல் எழுதினால் முதல் நாள் கண்ணாடியாய் மின்னும். பாதி வழி போவதற்குள் வெங்காயத் தோலாய் உரியும்.

இந்த ஐந்து பெட்டிகளை அவள் துடைக்கவில்லை.

பெட்டிகள் மாடிவீட்டுக்காரியுடையவை. கடல்தாண்டிய முகாமுக்கு மூன்று வருடம் குடும்பத்தோடு போக, யூனிட்டிலிருந்து இரண்டு பெயர்களைப் பரிந்துரைத்து அனுப்பியிருந்தார்கள். மாடிவீட்டுக்கு ஆர்டர் வந்துவிட்டது. இவள் வீட்டுக்காரரின் ஃபைல் ஏழு மாதமாகப் பரிசீலனையில் இருந்தது. இந்த ஏழு மாதமும் வெள்ளிக்கிழமை தவறாமல் பிரார்த்தனைக் கூடத்தில் முழங்காலிட்டவள் இவள். எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று, "கடவுள் எங்களுக்குக் குடுத்துட்டாரு, பேப்பர் வர்றதுதான் பாக்கி" என்று சாட்சி சொன்னவளும் இவள்தான். அந்த நம்பிக்கையில் தன் பெட்டியில் அந்த ஊர்ப் பெயரை அப்போதே எழுதியும் வைத்திருந்தாள். மாடிவீட்டுக்காரி பிரார்த்தனைக் கூடத்துப் பக்கம் வந்தது ஒரே ஒரு தடவை, அதுவும் மழைக்கு ஒதுங்க.

"முடிஞ்சுதாக்கா? ஐயோ, அச்சடிச்ச மாதிரி இருக்கு!" மாடிப்படியில் தடதடவென்று இறங்கி வந்தாள் அவள். "அங்க சுவத்துக்குள்ளயே சூடு பண்ற மிஷின் வச்சிருப்பாங்களாமே? ஆர்டர் வந்த அன்னிக்குத்தான் அந்த ஊரு எங்க இருக்குன்னே மேப்புல தேடினேன்."

பெயிண்டரம்மாவுக்கு அந்த ஊரின் தெருக்கள் மனப்பாடம். முகாம் பள்ளிக்கூடத்துக்குப் பஸ் எத்தனை மணிக்கு என்பதுகூடத் தெரியும்.

"நீங்களும் வந்துருவீங்கக்கா. நான் முன்னாடி போய் இடம் பிடிச்சு வைக்கிறேன்."

"பஸ்ஸா என்ன, துண்டு போட்டு வைக்க?"

மாடிவீட்டுக்காரி விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் அதை நகைச்சுவை என்றே எடுத்துக்கொண்டது இவளுக்கு இன்னும் எரிந்தது.

காய்ந்ததும் இரண்டு வீட்டு ஆண்களும் பெட்டிகளை மேலே தூக்கிப் போனார்கள். மறுநாள் விட்டு அடுத்த நாள் காலை பத்து மணிக்கு லாரி.

சாயங்காலம் வீட்டுக்காரர் பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். இவள் காய்ந்த துணிகளை மடிக்கிறேன் என்று அறைந்துகொண்டிருந்தாள்.

"சாமிகிட்ட சண்டையா?" என்றார்.

"கேக்காதவளுக்குக் குடுக்கிறாரு. கேக்கிறவள வரிசையில நிக்க வைக்கிறாரு. இது என்னங்க நியாயம்?"

"சாமியும் எங்க ஆபீஸ் மாதிரின்னு சொல்ற."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். அவர் பிரஷ்ஷை நிறுத்தி மூக்கை உறிஞ்சினார்.

"அஞ்சு பெட்டி எழுதியிருக்க. டர்பன்டைன் வாசனையே காணோமே? தீந்துபோச்சா, வாங்கிட்டு வரட்டுமா?"

"இருக்கு" என்றாள். பாட்டில் அலமாரியில் மூடி திறக்காமல் இருந்தது. அவர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அடுத்த பூட்ஸை எடுத்தார்.

அன்று பிரார்த்தனை செய்ய உட்கார்ந்தவளுக்குக் கேட்க வாய் வரவில்லை. கண்ணை மூடினால் ஒரு கிடங்கு தெரிந்தது. அதில் எழுத்தில்லாத ஐந்து பெட்டிகள்.

காலையில் பாட்டிலும் உப்புத்தாளும் எனாமலுமாக மாடி ஏறினாள். கதவு திறந்ததும் முதல் பெட்டியின் முன் உட்கார்ந்து நகத்தால் கீறினாள். எட்டு முழுசாக உரிந்து நகத்தில் தொங்கியது.

"அக்கா! என்ன பண்றீங்க!"

"துடைக்காம எழுதிட்டேன். கப்பல்லயே உரிஞ்சிரும்."

"மறந்துட்டீங்களா?"

தப்பிக்க வழியை அவளே காட்டிவிட்டாள். ஆம் என்று ஒரு வார்த்தை போதும்.

"மறக்கல" என்றாள். "உனக்கு வந்துச்சு, எனக்கு வரல. வயித்தெரிச்சல். வேற ஒண்ணும் இல்ல."

மாடிவீட்டுக்காரி பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டாள். முகத்தில் சிரிப்பின் சுவடே இல்லை.

"எங்க பிள்ளைங்க சாமானெல்லாம் இதுலதாங்க்கா போகுது."

"தெரியும்."

"தெரிஞ்சேவா? எங்க மாமியார் வாய்தான் பொல்லாததுன்னு நெனச்சேன். உங்க கைக்கு முன்னாடி அவங்க தெய்வம்." எழுந்து உள்ளே போனாள். கதவை அறைந்து சாத்தப் போகிறாள் என்று இவள் காத்திருந்தாள். வந்தபோது கையில் பழைய துணி. "எதால துடைக்கணும், சொல்லுங்க. நானே துடைக்கிறேன். இனிமே உங்கள நம்பமாட்டேன்."

"சரி" என்றாள் பெயிண்டரம்மா.

சுரண்டி, துடைத்து, தேய்த்து, நூலில் சாக்பீஸ் பொடி தடவிக் கோடு அடித்து, மறுபடி எழுதினாள். மாடிவீட்டுக்காரி பக்கத்தில் நின்று ஒவ்வொரு எழுத்தையும் பார்த்தாள். பொறாமை எங்கும் போய்விடவில்லை. அந்த ஊர்ப் பெயரை ஐந்து முறை சுரண்டி ஐந்து முறை எழுத வேண்டியிருந்தது. "என் மனசு இப்படித்தான் இருக்கு. கையையாவது பாத்துக்கோ" என்று கடவுளிடம் சொல்லிக்கொண்டே எழுதினாள். ஏழு மாதத்தில் அவள் கேட்ட மிகச் சின்ன வேண்டுதல் அதுதான்.

சாயங்காலம் வீட்டுக்காரர் ஆபீஸிலிருந்து வந்து தலையை மட்டும் ஆட்டினார். இன்றும் ஆர்டர் இல்லை.

மறுநாள் பத்து மணிக்கு லாரி வந்து நின்றது. பெட்டிகள் இறங்கி வாசலில் வரிசையாக உட்கார்ந்தன. பெயிண்டரம்மா ஒவ்வொன்றையும் தொட்டுக் காட்டினாள்.

"அஞ்சு. சரியா இருக்கான்னு பாத்துக்க."

மாடிவீட்டுக்காரி குனிந்து, கடைசிப் பெட்டியின் எட்டை நகத்தால் பலங்கொண்ட மட்டும் கீறினாள். நகத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தாள். சுத்தமாக இருந்தது.

"சரி, ஏத்துங்க" என்றாள் லாரிக்காரரிடம்.