மிளகுக்குப் பதில் வராத வாரம்

எனக்கு வாய் நீளம். கொல்லிமலைத் தகவல் மையத்தில் கம்ப்யூட்டர் பார்த்த இரண்டு வருஷமும் டெலிபோன்காரர்களைத் திட்டாத நாள் கிடையாது. அந்த வாயைக் கொஞ்சம் அடக்கிய புண்ணியம் ஒரு மிளகுத் தோட்டக்கார அக்காவைச் சேரும்.

மையத்தில் ஒரு நியூஸ் சர்வர் இருந்தது. எந்தெந்த நாட்டுக்காரர்களோ எழுதும் கேள்வி பதில்களைச் சேலத்தில் இருக்கும் பெரிய மெஷின் வாங்கி, அளவு குறையச் சுருக்கி வைக்கும். காலையில் நாங்கள் போன் போட்டு இறக்கி, விரித்துப் படிப்போம். எப்படிச் சுருக்குவது என்பது என் பொறுப்பு. எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டினால் இன்னும் நன்றாகச் சுருங்கும் என்று கண்டுபிடித்து அப்படியே மாற்றினேன். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த வாரம்தான் மலையிலேயே வளப்பூர் நாடு என்கிற பகுதியிலிருந்து அந்த அக்கா வந்தார். மிளகுக் கொடி வரிசையாக வாடிச் சாகிறதாம். "அத நம்பித்தான் கண்ணு ஊடே ஓடுது" என்றார். நான் இங்கிலீஷில் கேள்வி எழுதி நியூஸ் சர்வர் வழியாக அனுப்பினேன்.

மறுநாளிலிருந்து காலை பஸ்ஸில் வந்துவிடுவார். "பதில் வந்துச்சா கண்ணு?"

"லைன் கோளாறுக்கா. பாதியில அறுந்துருச்சு."

பாதி மூட்டையை விரிக்க முடியாது. திரும்ப முதலிலிருந்து இறக்க வேண்டும். ஆறு நாள் இதே கதை. அன்றன்றைக்குச் செத்த கொடிகளையும் அக்கா சொல்லிவிட்டுப் போவார்.

ஏழாம் நாள், புகார் எழுத ஆதாரம் தேடி மெஷினின் பதிவைப் பார்த்தேன். லைன் பத்து நிமிஷத்தில் அறுகிறது. மலையில் அது எப்போதுமே அப்படித்தான். என் மூட்டை இறங்கப் பதினாலு நிமிஷம் வேண்டும். வெட்கமாகப் போய்விட்டது.

சின்னச் சின்ன மூட்டைகளாகப் பிரித்தேன். மொத்த அளவு கூடியது, ஆனால் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது. மிளகு பற்றிய பதில் ஐந்து நாளாகச் சேலத்தில் கிடந்திருக்கிறது. தண்ணீர் தேங்க விடாதே, வாடிய கொடியைப் பிடுங்கி எரி, மற்றதுக்கு போர்டோ கலவை என்கிற பூஞ்சை மருந்தை ஊற்று என்று முகம் தெரியாத ஒரு மிளகு விவசாயி பொறுமையாக எழுதியிருந்தார். அக்காவுக்குத் தமிழில் எழுதிக் கொடுத்தேன்.

அடுத்த மாதம் அக்கா வந்தார். பாதிக் கொடி தப்பித்துவிட்டது. மீதிப் பாதி என் நெஞ்சில் குத்தியது. தப்பு லைனில் இல்லை, என்னுடையது என்று சொல்லிவிட்டேன்.

"தெரியும் கண்ணு. லைன்மேன் எங்க பக்கத்துத் தோட்டந்தான். லைன் எப்பவும் போலத்தான் இருக்குன்னு ரெண்டா நாளே சொல்லீட்டாரு."

"அப்பறம் ஏனுங்கக்கா ஒரு வார்த்த கேக்கல? தெனமும் பஸ் ஏறி வந்தீங்களே?"

"கேட்டா நீ கோவிச்சுக்குவ. நான் வரலீன்னா தேடறதையே உட்டுருவ, சாமி."

விட்டிருப்பேன்தான்.